பின்கண் வேண்டாம் என்றவர்

கண்டதே மெய், காணாதது பொய். ஐயாயிரம் ஆண்டுகளாக முனிவர்கள் குகைகளிலும் தத்துவவாதிகள் நாற்காலிகளிலும் அமர்ந்து, தாடி வளர்த்துத் தேடிய இறுதி உண்மையை மனிதகுலம் கடைசியில் கண்டுபிடித்தேவிட்டது. ஈரோடு பஸ் நிலையத்துக்கு எதிரே அது மூன்று நிறங்களில் கிடைத்தது. வெள்ளி நிறத்துக்கு மட்டும் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும்.

அதன் பெயர் மெய்க்கண். அரசின் மெய்க்கண் ஆணையத்தின் முத்திரை உள்ளேயே உருக்கி வார்க்கப்பட்ட குடும்பக் கேம்கார்டர். அது பிடித்த படத்தில் ஒரு புள்ளியைக்கூட எவராலும் மாற்ற முடியாது. முகூர்த்த மாதங்களில் ஜனங்கள் பட்டெடுக்கப் போவதுபோல வேன் பிடித்துக்கொண்டு அந்தக் கடைக்கு வந்தார்கள். பாயில் உட்கார்ந்து, கேமராக்களை எடுத்துப் போடச் சொல்லி, கையில் தூக்கிப் பார்த்து, "இதே மாடல்ல கனம் கம்மியா இருக்குங்களா" என்று கேட்டுவிட்டு, கடைசியில் முதலில் பார்த்ததையே எடுத்துப் போனார்கள்.

லோகித்தும் அவர் மனைவி தன்யஸ்ரீயும் வேன் பிடிக்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரவேண்டிய இடத்துக்கு வந்தவர்களைப் போல ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். லோகித்துக்கு ஐம்பத்தெட்டு வயது. மஞ்சள் குளிர்கிடங்கில் மேலாளர். அந்தத் தலைமுறையின் பெயர்களே அப்படித்தான். லோகித், அஸ்வத், தன்யஸ்ரீ என்றாலே மூட்டுவலி வந்த வயதென்று தெரிந்துவிடும். இளசுகளின் பெயர்கள் வேறு மாதிரி. விற்பனைப் பெண்ணின் சட்டையில் 'வெள்ளையம்மாள்' என்று எழுதியிருந்தது.

"விசேஷத்துக்குங்களா, பிரயாணத்துக்குங்களா?" என்றாள் வெள்ளையம்மாள்.

"ரெண்டுக்குந்தான்," என்றாள் தன்யஸ்ரீ.

"அப்ப இதப் பாருங்க. பந்தியில ஒரு மூலையில வெச்சா எல எடுக்கறவங்க மொகத்தக்கூட விடாது. இது மலைக்கு, மழைக்கு, எதுக்கும் அசராது. தவறிக் கெணத்துல போட்டாலும் கெணத்தப் படம் எடுத்துட்டே கீழ போவும்."

"பின்கண் இருக்குதா?" என்று கேட்டார் லோகித். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கேட்டார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பின்கண் இல்லாத கேமரா இப்ப ஏதுங்கய்யா? அதெல்லாம் எங்கப்பன் காலத்துல இருந்துச்சாம். படம் எடுக்கறவங்க மொகமே விழாதாம். யாருங்க வாங்கியிருப்பாங்க அத?"

தன்யஸ்ரீ கணவரின் பக்கம் திரும்பினாள். இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அவள் பேசாமல் பேசிய பேச்சுகளில் அதுதான் மிக நீளமானது.

"யாரோடங்க சேரணும்?" வெள்ளையம்மாள் கேட்டாள். கடையில் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"பொண்ணோட. எம் பொண்ணு பொன்னாத்தா."

"இப்ப என்ன நெலையில இருக்கறீங்க?"

லோகித் பாயின் கோரையைக் கிள்ளினார். "அந்நியர்."

வெள்ளையம்மாளின் சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலுக்கு மாறி, "கல்யாணம் எப்பங்கய்யா?" என்றாள்.

"வைகாசியில."

அவள் வேறெதுவும் கேட்காமல், இருப்பதிலேயே பின்கண் பெரிதாக இருந்த கேமராவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

விஷயம் இதுதான். பொய்ப்படக் காலத்தில் எவன் வேண்டுமானாலும் எவருடைய வீட்டுப் படத்துக்குள்ளும் நுழைய முடிந்தது. கரூர்ப் பக்கம் ஒருவன், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் கிரகப்பிரவேசப் படத்தில் தன்னை மூத்த மகனாகச் செருகி, வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டான். பிறப்புச் சான்று, ரேஷன் அட்டை, கைரேகை எதையும் நம்ப முடியவில்லை. சான்றிதழ்களில் ரத்தப் பரிசோதனை அறிக்கையைத்தான் முதன்முதலில் போலியாக அடித்தார்கள். எனவே மெய்க்கண் ஆணையம் இந்தத் தை மாதம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. யார் யாரோடு ஒரே சட்டகத்துக்குள் எவ்வளவு நேரம் தெரிகிறார்களோ, அந்த உடனிருப்பே உறவு. வீட்டுக்கு வீடு இருந்த பழைய மெய்க்கண் படங்களையெல்லாம் வாங்கிப் போட்டுக் கணித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நிலை கொடுத்தார்கள்: நெருங்கிய உறவு, உறவு, தெரிந்தவர், அந்நியர். நாடு முழுவதும் நாத்தனார்கள் தெரிந்தவர்களானார்கள். பல வீடுகளில் அதற்கு இனிப்பு வழங்கப்பட்டது.

லோகித்தின் வீட்டில் இருபத்தைந்து வருடத்துப் படங்கள் இருந்தன. பொன்னாத்தா பிறந்தது, தவழ்ந்தது, காது குத்தியது, சைக்கிளிலிருந்து விழுந்தது, பட்டம் வாங்கியது எல்லாம் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்தவர் லோகித். எதிலும் அவர் இல்லை.

முதல் மெய்க்கண் வாங்குவதற்காக அவர் அன்று மூன்று மாதம் படித்தார். கிடங்கில் மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து லென்ஸ்களைப் பற்றிக் குறிப்பெடுத்தார். கடைக்காரர் அப்போதே சொன்னார்: "பின்கண் வெச்சது எடுத்துக்கங்க சார். நீங்களும் படத்துல இருப்பீங்க." லோகித் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நான் கலைஞனுங்க," என்றார். "கலைஞன் படத்துக்குள்ள வரக் கூடாது." தவிர, பின்கண் வைத்த மாடல் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குக் கனம் அதிகம். கலைக்கு அது இடைஞ்சல்.

கேமராவை அவர் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. "ஒருக்கா நான் எடுக்கறேன், நீங்க போய்ப் புள்ள பக்கத்துல நில்லுங்க" என்று தன்யஸ்ரீ எத்தனையோ விசேஷங்களில் கேட்டிருக்கிறாள். "உனக்குக் கை நடுங்கும்" என்பார். அவர் கை நடுங்காததற்குக் காரணம், அவரே கண்டுபிடித்த 'கட்டைவிரல் தாங்கல்' என்னும் பிடி. வலது கட்டைவிரலை லென்ஸின் பக்கவாட்டில் வளைத்து முட்டுக் கொடுப்பது. இதைக் கிடங்கில் மூன்று பேருக்கு வகுப்பாகவே எடுத்திருக்கிறார். அதன் விளைவாக இருபத்தைந்து வருடப் படங்களிலும் கீழ் மூலையில் பழுப்பாக ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. பார்க்கிறபோதெல்லாம் தன்யஸ்ரீயின் தம்பி அஸ்வத் கேட்பான்: "மாமா, மூலையில யாரு உருளைக்கெழங்கு வெச்சது?" லோகித், அது காட்சிக்கு ஆழம் தருகிற விளிம்பு என்று விளக்குவார்.

அஸ்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்கு முன்னால் அவன் இருப்பான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நிற்பான். கேக் வெட்டும்போது கத்தியில் ஒரு கை வைப்பான். யாருமே கூப்பிடாத பள்ளி ஆண்டு விழாவில்கூட முதல் வரிசையில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருப்பான். ஆணையத்தின் கணிப்பு வந்தபோது, பொன்னாத்தாவின் முதல்நிலை நெருங்கிய உறவாக, அதாவது சட்டப்படி தகப்பன் இடத்தில், அஸ்வத் வந்திருந்தான். தன்யஸ்ரீக்கும் அஸ்வத்துக்கும் என்ன உறவென்று அது சொல்லியிருந்ததை வீட்டில் யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

"மாமா, மனச விட்றாதீங்க," என்றான் அஸ்வத். தோளில் புதுத் துண்டு போட்டிருந்தான். "தார வாக்கறப்ப உங்க பேரு கெடாம ஊத்திக் குடுக்கறேன். வீட்ல செம்ப வெச்சு ஊத்திப் பாத்துட்டேன். ஒரு சொட்டு சிந்தல."

"அப்ப தாய்மாமன் சீரு யாரு செய்யறது மாப்ள?"

அஸ்வத் அதை யோசித்திருக்கவில்லை. "அதையும் நானே பாத்துக்கறேன்," என்றான் பெருந்தன்மையோடு.

தாரை வார்ப்பதோடு முடிந்தால் லோகித் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை கருப்பண்ணனுக்குத் தென்முனையில் வேலை. பனி உருகி வெளிவந்த நிலத்தில் தக்காளி போடுகிற கம்பெனியில் பொறியாளன். அந்தக் குடியிருப்புக்குள் நுழையவும், அங்கிருப்பவர்களோடு பேசவும் நெருங்கிய உறவுக்கு மட்டுமே அனுமதி. கல்யாணம் முடிந்து பொன்னாத்தா விமானம் ஏறிவிட்டால், அந்நியரான லோகித் அவள் முகத்தைப் பார்ப்பதும் குரலைக் கேட்பதும் அதோடு சரி. அவருக்கு மீதமிருந்தது ஆறு வாரம். சட்டம் கேட்டது நூறு மணி நேர உடனிருப்பு.

புதுக் கேமராவை வாங்கி வந்த அன்று மாலையே ஆரம்பித்தார். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டிப் பிடித்து, இருவரும் சட்டகத்துக்குள் விழுகிறபடி வைத்தார்.

"அப்பாவப் பாத்துச் சிரி சாமி."

கேமராவின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இனிமையான பெண்குரல் ஒன்று சொன்னது: "நடிப்பு. கணக்கில் சேராது."

"நான் இன்னும் சிரிக்கவேயில்லயேப்பா," என்றாள் பொன்னாத்தா.

"உன்னச் சொல்லல. என்னச் சொல்லுது."

அதற்கு இயல்புமானி என்று பெயர். உறவுக்காக ஜனங்கள் ஒட்டி நின்று பல்லைக் காட்டுவார்கள் என்று ஆணையத்துக்குத் தெரியும். முகத்தின் தசைகளை அளந்து, நடித்த நேரத்தைத் தள்ளிவிட்டு, மறந்திருந்த நேரத்தை மட்டும் அது எண்ணும். லோகித்துக்குக் கேமராவின் முன்னால் எதையும் மறக்கத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடம் பின்னால் நின்ற மனிதர். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கிப்போன பையைப் போலத் தன் முகத்தை வைத்துக்கொண்டு திண்டாடினார்.

மாம்பழம் நறுக்கி ஊட்டினார். நடிப்பு. அவள் செருப்பு வாரைத் தைத்துக் கொடுத்தார். நடிப்பு. கேமராவைப் பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு அது இருப்பதே தெரியாததுபோல அவளோடு சாப்பிட்டார். அதைத்தான் அது இருப்பதிலேயே மோசமான நடிப்பாகக் கண்டது. அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இயல்பாக இருந்து பழகினார். சோறு இறங்கவில்லை. இரண்டு வாரத்தில் சட்டைகள் தொளதொளவென்று தொங்கின. கணக்கில் சேர்ந்தது மொத்தம் பதினொரு நிமிடம். அதில் ஒன்பது, இருவரும் சேர்ந்து தூங்கிவிழுந்த நேரம்.

"வெளியூரு போனா மறந்துருவீங்க," என்றாள் தன்யஸ்ரீ. "ஏற்காட்டுக்குப் போலாம்."

போனார்கள். ஏற்காட்டு ஏரியில் தண்ணீர் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. படகுகளுக்குச் சக்கரம் மாட்டித் தண்டவாளத்தில் விட்டிருந்தார்கள்; துடுப்பும் கொடுத்தார்கள். லோகித் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காற்றில் துடுப்புப் போட்டார்.

"பொன்னு, கொஞ்சம் எடப்பக்கம் வா. வெளிச்சம் அங்கதான் நல்லாருக்கு. தாடையத் தூக்கு சாமி. நான் ஏதாச்சும் சொல்லுவேன், நீ மறந்தாப்புல சிரி."

"நடிப்பு," என்றது கேமரா. "நடிப்பு. நடிப்பு."

பின்னால் வந்த படகில் இருந்த குடும்பம் அவர்களை வேடிக்கை பார்த்தது. அந்தக் குடும்பத்தின் கேமரா அதை இயல்பு என்று ஏற்றுக்கொண்டு பச்சை காட்டியது.

மலை முனையில், பள்ளத்தாக்கைப் பார்த்த கல் பெஞ்சில் உட்கார்ந்தபோது பொன்னாத்தா சொன்னாள்: "அப்பா. அதக் கீழ வைங்க."

"இருடா சாமி, இங்க பேக்ரவுண்டு—"

"அப்பா!"

அவள் அழுதுகொண்டிருந்தாள். எப்போது ஆரம்பித்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்.

"அங்க ஆறு மாசம் ராத்திரியாம்ப்பா. விடியவே விடியாதாம். அவரு நல்லவருதான். ஆனா எனக்கு அங்க வேற யாரத் தெரியும்? பயமா இருக்குப்பா. யாருகிட்டயும் சொல்லல. அம்மாகிட்டச் சொன்னா அவங்க எனக்கு மேல அழுவாங்க."

லோகித் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு, கண்ணெதிரே ஒரு நல்ல காட்சி நடந்துகொண்டிருக்கும்போது அவர் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். கேமராவை அணைத்து, கழுத்திலிருந்து கழற்றி, பெஞ்சுக்கு அடியில் வைத்தார். மகளின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். என்னென்னவோ சொன்னார். அவள் சிறு வயதில் கரண்ட் போனால் பயந்து அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொள்வாளே, அதைச் சொன்னார். இப்போதும் அவள் கை அங்கேதான் இருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள். தன்யஸ்ரீ சுட்ட சோளக்கருதோடு வந்து, கிட்டே வராமல், தூரத்திலேயே நின்றுகொண்டாள்.

மலை இறங்கும் பஸ்ஸில், ஏழாவது கொண்டை ஊசி வளைவில், லோகித் திடுக்கிட்டு எழுந்து நின்றார்.

"அரை மணி நேரம் போயிருச்சே!" என்றார். "முழுசா அரை மணி நேரம்! இயல்பா இருந்தனே தன்யா! அத்தனையும் இயல்பு!"

சட்டப்படி அந்த அரை மணி நேரம் நடக்கவே இல்லை. பஸ்ஸே அவரைப் பார்த்தது. அவர் கேமராவை முடுக்கி, மகளுக்கு நேராக நீட்டினார்.

"இன்னொருக்கா அழுவியா சாமி? அதே மாதிரி. கொஞ்ச நேரந்தான்."

பொன்னாத்தா உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்றாள். அவருக்காக மனப்பூர்வமாகத்தான் முயன்றாள்.

"நடிப்பு," என்றது கேமரா.

ஆணையத்தின் ஈரோட்டுக் கிளையில் 'கண்டதே மெய்' என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. 'ண்'ணின் புள்ளி உதிர்ந்துபோயிருந்தது. ஒட்டுவதற்கு ஆள் வரவில்லை. கணிப்பு அலுவலர் மேகவர்ஷினி ஓய்வு பெறுகிற வயதில் இருந்தாள். பழைய படங்களைத் திரையில் ஓடவிட்டபடியே பேசினாள்.

"பாத்துட்டோமுங்க. பழைய படம் மொத்தத்துலயும் உங்க மொகம் ஒரு நொடிகூட இல்ல."

"எடுத்தது நானுங்கம்மா! நான் இல்லாம இந்தப் படமே இல்ல!"

"எடுக்கறது யாரு வேணாலும் எடுக்கலாம். மரத்துல கட்டி வெச்சாக்கூட எடுக்கும். மரத்துக்கு உறவு குடுக்க முடியுங்களா?"

"எங் கொரல் கேக்குதே?"

"கொரலு செல்லாதுங்க. பொய்யி மொதல்ல கொரல்லதான் வந்துச்சு."

"சரி, எம் பொண்ணப் பாருங்க. எந்தப் படத்துலயாச்சும் வேற யாரையாச்சும் பாக்கறாளா? கேமராவத்தான் பாத்துட்டு இருக்கா. அதாவது என்னத்தான்."

"அதையும் எழுதியிருக்கோமுங்க. 'பார்வை கருவியின் பக்கம் சாய்ந்துள்ளது, படக் குறைபாடு.' அதுக்குத்தான் பாதிப் படத்தத் தள்ளிட்டோம்."

லோகித் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அது நடிப்பா இயல்பா என்று அவருக்கே தெரியவில்லை. "காலுல விழறனுங்கம்மா," என்றார். "எங்கியாச்சும் ஒரு கண்ணாடில விழுந்திருப்பேன். பாத்திரத்துல, டம்ளர்ல, யாரோட மூக்குக்கண்ணாடிலயாச்சும். ஒருக்காப் பாருங்க."

மேகவர்ஷினி சங்கடத்தோடு கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மொகத்த விட்டுட்டு, படத்துல அடிக்கடி வர்றது எல்லாத்தையும் எண்ணச் சொல்லலாம். முழுக் கணிப்புன்னு பேரு. சொல்லிட்டேன், அது கண்டதையும் காட்டும். போன மாசம் ஒருத்தர் வீட்டுப் பிரிட்ஜுக்கு 'உறவு' நெலை வந்துருச்சு. இப்ப அவங்களால அத விக்க முடியல."

"போடுங்க."

இயந்திரம் வெகுநேரம் முனகியது. கடைசியில் திரையில் ஒரு வரி வந்தது. மேகவர்ஷினி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"உங்க வலது கட்டவெரலக் காட்டுங்க."

காட்டினார். மஞ்சள் ஏறிய, நுனி சப்பையான கட்டைவிரல். அவள் அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். திரையின் கீழ் மூலையில் அஸ்வத்தின் உருளைக்கிழங்கு இருந்தது.

"இருபத்தஞ்சு வருசமா ஒவ்வொரு படத்துலயும் இருக்குதுங்க. பொண்ணோட உடனிருப்புல இதுதான் மொதலு. அஸ்வத்துங்கறவரு ரெண்டாவதுதான் வர்றாரு." அவள் குரலில் முதன்முறையாக மரியாதை வந்திருந்தது. விரலைப் பார்த்துத்தான் பேசினாள். "ஒண்ணக் காட்டறேன் பாருங்க."

காது குத்துப் படம். ஒரு வயது பொன்னாத்தா மொட்டைத் தலையோடு அஸ்வத்தின் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். அஸ்வத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தான். குழந்தை கேமராவைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டியது. கேமரா நெருங்கியது. பிஞ்சுக் கை ஒன்று மூலைக்கு வந்து அந்தப் பழுப்பு மேட்டை இறுகப் பிடித்துக்கொண்டது. அழுகை நின்றது. பின்னணியில் லோகித்தின் குரல் எரிச்சலோடு கேட்டது: "கைய எடு சாமி, பிரேம் கெடுது. கைய எடு."

லோகித் திரையைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"சட்டப்படி இந்த வெரலு பொண்ணுக்கு நெருங்கிய உறவுங்க. தார வாக்கலாம். முத்திர போட்டுத் தந்தர்றேன்."

"அப்ப நான்?"

"தெரியறதுக்குத்தான் உறவு. வெரலு தெரியுது. அதோட ஒட்டியிருக்கறது யாருன்னு ஆணையத்துக்குத் தெரியாது. மேடையில ஒரு மறைப்பு வெச்சு, வெரல மட்டும் நீட்டிக்குங்க."

"தென்முனைக்கு?"

"வெரலுக்கு அனுமதி உண்டு. போன்லயும் பேசலாம், திரையில வெரலு மட்டும் தெரியணும். நேர்ல போறதுன்னா, கூட வர்றத என்ன பண்றதுன்னு ஆணையம் இன்னும் முடிவு பண்ணல. குழு போட்டிருக்காங்க."

வீட்டில் லோகித் காது குத்துப் படத்தைப் பற்றியும் மகளிடம் சொன்னார். செய்தியைக் கேட்ட அஸ்வத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்தான். "ஒரு வெரலு என்ன முந்திருச்சா?" என்றான். தன்யஸ்ரீ அன்றிரவு கணவரின் கையை மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். "முகூர்த்தத்துக்கு முன்னால நெகத்த வெட்டிருங்க," என்றாள். மறுநாளும் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார். 'கைய எடு, கைய எடு' என்று காதில் கேட்டுக்கொண்டேயிருந்தது.

பெருந்துறையில் கல்யாண மண்டபம். வாசலில் இருந்த வாயிற்கண் ஒவ்வொருவரையும் பார்த்து உரக்க அறிவித்தது. "நெருங்கிய உறவு, வருக. உறவு, வருக. தெரிந்தவர், மூன்றாம் பந்தி." கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவரை அது "அந்நியர், சமையற்கட்டு வழி" என்று அனுப்ப, அவர் மாலையோடு திரும்பிக் காருக்குப் போனார்.

லோகித் பட்டு வேட்டியில் வந்து நின்றார். வாயிற்கண் சற்று யோசித்தது.

"அந்நியர், சமையற்கட்டு வழி. வலது கட்டைவிரல், நெருங்கிய உறவு. வருக."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் விரலை முன்னால் நீட்டியபடி பின்பக்கமாகப் போனார். காலையிலிருந்து பட்டினி. எந்தப் பந்தியிலும் அவருக்கு இலை கிடையாது. அண்டாக்களுக்கு நடுவே வழி தெரியாமல் நின்றவரைச் சமையல் மாஸ்டர் யாரோ வேலையாள் என்று நினைத்து, "ஏனப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டு, வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி கேசரியைப் போட்டுக் கொடுத்தார். அவர் நின்றபடியே தின்றார். தின்றுகொண்டிருக்கும்போதே மேளம் உயர்ந்தது. இலையைப் போட்டுவிட்டு ஓடினார்.

மேடையின் பக்கவாட்டில் ஒரு பலகை மறைப்பு வைத்து, அலங்காரக்காரர்கள் அதற்குச் சிவப்பு வெல்வெட் போர்த்தியிருந்தார்கள். இடுப்பு உயரத்தில் ஓர் ஓட்டை. லோகித் அதன் பின்னால் மண்டியிட்டார். ஓட்டை வழியாகப் பார்க்கவும் வழியில்லை. விரலை விட்டால் ஓட்டை அடைபட்டுவிடும். வாழ்நாளில் முதன்முறையாக, நடக்கிற எதையும் பார்க்காமல் ஒரு விசேஷத்தில் இருந்தார்.

"வெரல நீட்டுங்க," என்றாள் தன்யஸ்ரீ மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து.

நீட்டினார். குளிர்ந்த செம்பின் விளிம்பு விரலில் பட்டது. தன்யஸ்ரீ செம்பைச் சாய்க்க, அவர் விரல் வழியாகத் தண்ணீர் ஓடியது. கீழே இரண்டு பேருடைய கைகள் ஏந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தண்ணீர் நின்றது. மந்திரமும் நின்றது. விரலை இழுத்துக்கொள்ள வேண்டிய நேரம். அப்போது ஒரு கை வந்து அந்த விரலை இறுகப் பிடித்துக்கொண்டது. யாருடைய கை என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"கைய எடுக்க மாட்டேன்ப்பா," என்றாள் பொன்னாத்தா.

புகைப்படக்காரர் அவசரப்படுத்தினார். ஐயர் செருமினார். தாலி கட்டுகிற நேரம் போகிறதென்று அஸ்வத் கத்தினான். மறைப்புக்குப் பின்னால் லோகித் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு குலுங்கினார். அதை எந்தக் கண்ணும் பார்க்கவில்லை, எனவே அது நடக்கவில்லை. மண்டபத்திலிருந்த எல்லா மெய்க்கண்களும் ஒரே நேரத்தில் மேடைப் பக்கம் திரும்பின. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பச்சை விளக்கு எரிந்தது. "இயல்பு," என்றன. "இயல்பு. இயல்பு."

அந்தப் படம் ஆணையத்தின் பெட்டகத்தில் சேர்ந்தது. இனி ஒரு புள்ளியைக்கூட யாராலும் மாற்ற முடியாது. பெண்ணின் தகப்பன் யார் என்று எந்தக் காலத்தில் எவர் கேட்டாலும் அதைத்தான் பெரிதாக்கிப் போட்டுக் காட்டுவார்கள்.

நகம் வெட்டியிருக்கவில்லை. இடுக்கில் கேசரி ஒட்டியிருந்தது.